நாடுகடத்தலுக்கு எதிராக ஒரு குடும்பத்தோடு நின்றபோது கற்றவை

நாடுகடத்தப் போகிறார்களாம் என்று யாராவது கலங்கிப்போய்த் தொலைபேசி எடுத்தால், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், காலையில் யார் கொண்டுபோய் விடுகிறார்கள், வேலையிடத்தில் மேற்பார்வையாளர் எப்படிப்பட்டவர் என்றுதான் நான் முதலில் கேட்பேன். வழக்கைப் பற்றிக் கேட்காமல் பள்ளிக்கூடத்தை விசாரிக்கிறாளே என்று அவர்களுக்கு வியப்பாக இருக்கும். அவுஸ்திரேலியாவில் "பிலோயெலாக் குடும்பம்" என்று அறியப்பட்ட ஈழத் தமிழ்க் குடும்பத்துக்காக நின்ற ஆண்டுகளில் எனக்குப் படிந்த பழக்கம் இது.

நான் மெல்பேர்ணில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் நான் ஒருத்தி அல்ல. தடுப்பு முகாம் வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்ற கூட்டத்தில் ஒருத்தி. கடிதம் எழுதத் தயங்கியவர்களை உட்காரவைத்து எழுதச் செய்தவள். அங்கே கண்டதையும், பிறகு விக்டோரியா மாநிலத்தின் வடபகுதியில் வேறொரு குடும்பத்துக்காக உழைத்தபோது கற்றதையும் எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களோடு நிற்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

பிரியாவும் நடேசலிங்கமும் 2012, 2013 ஆண்டுகளில் தனித்தனியாகப் படகில் அவுஸ்திரேலியா வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள். இங்கே சந்தித்து, 2014இல் மணமுடித்து, குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் பிலோயெலா என்ற சிற்றூரில் குடியேறினார்கள். நிலக்கரியையும் மாட்டிறைச்சியையும் நம்பி சுமார் 6,000 பேர் வாழும் ஊர் அது. நடேஸ் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் அவுஸ்திரேலியாவிலேயே பிறந்தார்கள். 2018 மார்ச் 5ஆம் திகதி விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வீட்டின் கதவு தட்டப்பட்டது. பிரியாவின் பிரிட்ஜிங் விசா, அதாவது முடிவு வரும்வரை தங்க அனுமதிக்கும் தற்காலிக விசா, காலாவதியாகி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்ட நால்வரையும் 1,500 கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் உள்ள மெல்பேர்ண் தடுப்பு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர்களுக்காக முதலில் எழுந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். சமூகப் பணியாளரான ஏஞ்சலா பிரெடெரிக்ஸ், அவருடைய தோழி புரோன்வின் டெண்டில் போன்றவர்கள் அதற்கு முன் ஊர்வலம் கண்டவர்கள் அல்லர். பிலோயெலாவும் பழமைவாதக் கட்சிக்குத் தலைமுறை தலைமுறையாக வாக்களித்துவந்த ஊர். "படகுகளை நிறுத்துவோம்" என்ற கோஷத்துக்குக் கைதட்டியவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கேட்டது அகதிக் கொள்கையை மாற்றுங்கள் என்று அல்ல. எங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன நான்கு பேரை எங்கள் ஊரிலேயே கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள். இயக்கத்தின் பெயரே "ஹோம் டு பிலோ", பிலோயெலா வீட்டுக்குத் திரும்பட்டும் என்பதுதான். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒற்றைக் கோரிக்கையை அவர்கள் விட்டு விலகவேயில்லை.

இது தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் மனதில் இருந்ததே அவ்வளவுதான். ஆனால் அதன் பலம் பெரிது. நகரத்து அகதி ஆர்வலர்கள் நூறு பேர் கூடினால் அமைச்சர் அலுவலகம் அதை வழக்கமான கூட்டம் என்று ஒதுக்கிவிடும். தங்கள் சொந்த வாக்காளர் தங்கள் அயலாருக்காகப் பேசும்போது ஒதுக்க முடியாது. பார்னபி ஜோய்ஸ் போன்ற தேசியக் கட்சிக்காரரும், வானொலியில் வலதுசாரிக் குரலாகவே அறியப்பட்ட அலன் ஜோன்சும் இந்தக் குடும்பத்தை விடுங்கள் என்று பேசியது அதனால்தான். இணைய மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையொப்பம் இட்டார்கள். அந்த எண்ணிக்கைக்கு மதிப்பைக் கொடுத்தவர்கள் பிலோயெலாவின் சில நூறு பேர் என்றே நான் இன்றும் சொல்வேன்.

இங்கே நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பம் என்றதும் நாமே மேடை போட்டு, நாமே ஒலிவாங்கியைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. உள்ளத்தில் இருப்பது உறவுதான். அதில் குறை காண முடியாது. ஆனால் நாடுகடத்தலை நிறுத்தும் போராட்டத்தில் நமக்குரிய இடம் வேறு. தாயோடு அவள் மொழியில் பேசி அவள் சொல்வதைப் பிசகாமல் வெளியே கொண்டுவருவது, ஊரில் உள்ள தாய் தகப்பனுக்கு நிலைமையை விளக்குவது, இலங்கையில் இன்றும் தொடரும் கண்காணிப்பையும் காணாமலாக்கப்பட்டோரின் கதையையும் ஆவணத்தோடு சட்டத்தரணியிடம் கொடுப்பது, நள்ளிரவில் முகாமிலிருந்து வரும் அழைப்பை எடுப்பது ஆகியவற்றை ஊர்க்கார வெள்ளைக்காரப் பெண்மணியால் செய்ய முடியாது. தமிழ் ஏதிலியர் கழகம் இந்த வேலைகளைச் சுமந்தது. கூட்டங்களில் நம்மவர் பேசினார்கள்தான். ஆனால் தொலைக்காட்சியில் முதலில் வந்த முகம் பிலோயெலாவுடையது. அது சரியான ஏற்பாடு.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அது என்னை மிகவும் வருத்தியது. "நாங்கள் ஒழுங்காக வரிசையில் நின்று வந்தோம், படகில் வந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டவர்களும் நம்மவர்கள்தான். கோவில் மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நின்று அதைச் சொன்னவரின் குடும்பம் 1983க்குப் பிறகு அகதியாக வந்தது என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரோடு வாதம் செய்து நேரத்தைச் செலவிடாதீர்கள். அந்த நேரத்தில் இரண்டு கடிதம் எழுதிவிடலாம்.

2019 ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவை மெல்பேர்ணில் இருந்த யாரும் மறக்க மாட்டோம். குடும்பத்தை முகாமிலிருந்து வெளியே எடுக்கிறார்கள் என்ற செய்தி தொலைபேசி விட்டுத் தொலைபேசியாகப் பரவியது. விமான நிலையத்தின் வாயிலுக்கு ஓடியவர்கள் குளிரில் நின்று கத்தினோம். தனி விமானம் என்பதால் பயணிகளிடம் சொல்லி நிறுத்தும் வழி அங்கே இல்லை. விமானம் கிளம்பிவிட்டது. உள்ளேயிருந்து வந்த காணொளியில் பிள்ளைகள் வீறிட்டு அழும் சத்தம். அது பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி ஒருவர் தொலைபேசி வழியாகத் தடையுத்தரவு கொடுத்தார். விமானம் டார்வினில் இறக்கப்பட்டது. அங்கிருந்து நால்வரையும் கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பல மாதங்கள் அந்தப் பெரிய தடுப்பு நிலையத்தில் அவர்கள் நால்வரையும் தவிர வேறு கைதிகளே இல்லை.

வாயிலில் நின்று கத்திய எங்கள் குரல் அந்த விமானத்தை இறக்கவில்லை. இறக்கியது சட்டத்தில் எஞ்சியிருந்த ஒரு மெல்லிய இழை. பெற்றோரின் வழக்குகள் எல்லாம் முடிந்து, 2019 மே மாதத்தில் நாட்டின் கடைசி நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. ஆனால் இரண்டு வயதான இளையவளின் பாதுகாப்புக் கோரிக்கையை யாரும் முறையாக ஆராயவில்லை. கரீனா போர்ட் தலைமையிலான சட்டத்தரணிகள் அந்த இழையைப் பிடித்துக்கொண்டார்கள். புகலிடம் கோருவோரின் பெயரை நீதிமன்றம் வெளியிடக்கூடாது என்பது சட்டம்; அதனால் நாடே பெயர் சொல்லி அழைத்த அந்தக் குழந்தை நீதிமன்றத் தாள்களில் எக்ஸ்ஏடி என்ற மூன்று எழுத்தாகத்தான் இருந்தாள். 2020 ஏப்ரலில் பெடரல் நீதிமன்றம் அவளுக்கு நடைமுறை நீதி மறுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2021 பெப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

ஆகவே தெருவில் நிற்பவர்கள் சட்டத்தரணியின் கால அட்டவணைக்கு ஏற்ப நடக்க வேண்டும். எந்த வாரம் மனு தாக்கல், எந்த வாரம் அமைதியாக இருப்பது நல்லது, எதைப் பொதுவில் சொல்லக்கூடாது என்பதையெல்லாம் அவரிடம் கேட்டே செய்ய வேண்டும். நீதிமன்றம் நாட்களைத் தேடிக் கொடுக்கும்; அந்த நாட்களை அரசியல் மாற்றமாக ஆக்குவது மக்கள் வேலை. ஏனென்றால் முடிவு ஒரு கையெழுத்தில்தான் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் 195ஏ பிரிவு, தடுப்பில் இருப்பவருக்கு விசா வழங்கும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தனிப்படத் தருகிறது. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டளையிட முடியாது. இதைப் புரிந்துகொண்டால், ஏன் கடிதம், ஏன் மனு, ஏன் எம்.பி. அலுவலகத்தில் காத்துக்கிடப்பது என்ற கேள்வியே எழாது.

இனி மற்றக் குடும்பத்தைப் பற்றி. ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. பழத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர், தந்தைக்குப் பொதி கட்டும் கொட்டகையில் வேலை, இரண்டு பிள்ளைகள். படகில் வந்தவர்களுக்கென்று வைத்திருந்த சுருக்கமான விசாரணையான விரைவு நடைமுறையில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, விசா புதுப்பிக்கப்படாமல், நாட்டை விட்டுக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள் என்ற கடிதம் வந்திருந்தது. தாய் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் போனபோது ஆவணங்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தாள். அதைச் சமையலறை மேசையில் கொட்டி அடுக்கினோம். விசாக் கடிதங்கள் திகதி வரிசையில், நிராகரிப்பு முடிவுகள், நீதிமன்றத் தாள்கள், பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு, மருத்துவர் கடிதம், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம். எல்லாவற்றையும் படம் பிடித்து, ஒரு பிரதி அவளிடம், ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று நம்பிக்கையான அயலாரிடம். விடியற்காலையில் கதவு தட்டப்பட்டால் பிஸ்கட் டின்னைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

956 என்ற படிவத்தை முன்கூட்டியே கையொப்பமிட்டு வையுங்கள். சட்டத்தரணி அல்லது பதிவு பெற்ற குடிவரவு முகவர் உங்கள் சார்பில் திணைக்களத்தோடு பேசுவதற்கான படிவம் அது. தடுப்பில் போட்ட பிறகு அதில் கையெழுத்து வாங்க அலைவது பெரும் பாடு. சட்டத்தரணியின் எண்ணைக் கணவன், மனைவி இருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். கைத்தொலைபேசி கையில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. அதோடு, விசா விடயத்தில் ஆலோசனை சொல்லும் வேலையை நம்மூர் "விசயம் தெரிந்த அண்ணன்மார்" எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவு இல்லாதவர் குடிவரவு ஆலோசனை கொடுப்பது இங்கே குற்றம்; அதைவிட, தவறாகச் சொன்ன ஒரு வரி பிற்பாடு முரண்பாடு என்று எழுதப்பட்டு ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும். காசில்லாதவர்களுக்கு மெல்பேர்ணில் அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டரும் ரெபியூஜி லீகல் அமைப்பும் இருக்கின்றன. மொழி இடைஞ்சல் என்றால் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்துத் தமிழ் என்று சொன்னால் போதும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தகப்பன் பட்ட அடியைப் பத்து வயது மகள் ஆங்கிலத்தில் சொல்ல நேரக்கூடாது.

பிறகு கடிதங்கள். ஒரே வாசகத்தை அச்சடித்து ஐந்நூறு பேரிடம் கையொப்பம் வாங்கினால், அது ஒரு கட்டாக ஓரத்தில் கிடக்கும். ஒருவர் தம் சொந்தச் சொல்லில் எழுதிய ஒரு பக்கம் வாசிக்கப்படும். எழுதுபவர் அந்தத் தொகுதியின் வாக்காளர் என்பது முகவரியில் தெரிய வேண்டும். குடும்பத்தை எப்படித் தெரியும் என்பது முதல் பத்தியில் வர வேண்டும். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளி அதிபர், மருத்துவர், தொழிற்சாலை முகாமையாளர் எல்லாரிடமும் கடிதம் வாங்கினோம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எம்.பி.யின் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிய பணியாளர் கை நின்றது வேறொரு தாளில். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை வீதி கடக்கச் செய்யும் வயதான பெண்மணி, கோடு போட்ட கொப்பித் தாளில் நீல மையால் எழுதியது. இந்தத் தாய் ஒவ்வொரு காலையும் தனக்கு வணக்கம் சொல்வதையும், மழை கொட்டிய ஒரு நாள் அவளுடைய குடையைத் தன் கையில் திணித்துவிட்டுப் பிள்ளைகளோடு நனைந்துகொண்டே போனதையும், அந்தக் குடை இன்னும் தன் வீட்டில் இருப்பதையும் எழுதியிருந்தார். அவள் இல்லாமல் போனால் அந்தச் சந்தி தனக்குப் பழைய சந்தியாக இருக்காது என்று முடித்திருந்தார். பணியாளர் அதை இரண்டு தடவை வாசித்தார். முந்தைய சந்திப்பில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பேசியவர் அவர்.

அப்படிப்பட்ட கடிதத்தை நாம் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதக்கூடியவரிடம் போய்க் கேட்கத்தான் முடியும். அதற்குத்தான் பள்ளிக்கூடத்தைப் பற்றி முதலில் விசாரிக்கிறேன். நம் குடும்பங்கள் பலவற்றுக்கு விசா நிலையை வெளியே சொல்வதில் பெரும் கூச்சம். அயலவர் என்ன நினைப்பார்களோ என்று ஆண்டுக்கணக்காக மூடி வைத்திருப்பார்கள். அந்தத் தாயும் அப்படித்தான் இருந்தாள். பள்ளி வாசலில் இன்னொரு தாயிடம் முதன்முதலாகச் சொன்ன அன்று இரவு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அழுதுகொண்டு எனக்கு அழைப்பு எடுத்தாள். மறுநாள் காலை அந்த மற்றத் தாய் கணவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

படம், காணொளி விடயத்தில் மிகவும் நிதானம் வேண்டும். 2021 ஜூன் மாதத்தில் பிலோயெலாக் குடும்பத்தின் இளையவள் கடும் நோயுற்று, கிறிஸ்மஸ் தீவிலிருந்து பேர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். நிமோனியா, இரத்தத்தில் தொற்று. நான்காவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. கட்டிலில் கிடக்கும் அவளை அக்கா குனிந்து முத்தமிடும் படம் நாட்டையே உலுக்கியது. சில நாட்களில் குடும்பத்தைப் பேர்த் நகரில் சமூகத் தடுப்பில், அதாவது முகாமுக்கு வெளியே கட்டுப்பாடுகளோடு, வைக்க அரசு இணங்கியது. அந்தப் படத்தின் வலிமை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் அதே போல் படம் வெளியிட வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. இணையத்தில் போனது திரும்பி வராது. இலங்கையில் உள்ள உறவுகளை விசாரிக்க வைக்கக்கூடிய விவரம் அதில் இருக்கிறதா, கோரிக்கை விண்ணப்பத்தில் உள்ளதற்கு மாறாக ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று சட்டத்தரணி பார்த்த பிறகே எதுவும் வெளியே போக வேண்டும். நாங்கள் அந்தக் குடும்பத்தின் முகத்தைக் காட்டவேயில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது அயலவர்களின் படம்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

பணம் சேர்ந்தால் கணக்கு எழுதி, இரண்டு பேர் பொறுப்பில் வைத்து, மாதம் ஒரு முறை எல்லாருக்கும் காட்டுங்கள். நம்மிடையே போராட்டங்கள் உடைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தாயின் உடல்நிலையை யாராவது ஒருவர் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம், மனு, ஊடகம் என்று எல்லாரும் ஓடும்போது அவள் மூன்று நாளாகத் தூங்காததை யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் போகும்போதெல்லாம் அவளோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட பிறகுதான் கோப்பைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன்.

2022 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. குடும்பத்தை ஊருக்கு அனுப்புவோம் என்று அவர்கள் தேர்தலுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கைக் கொடுக்க வைத்தது நான்கு ஆண்டு உழைப்பு. மே 27ஆம் திகதி இடைக்கால உள்துறை அமைச்சராக இருந்த ஜிம் சால்மர்ஸ் அந்த 195ஏ பிரிவின் கீழ்தான் கையெழுத்திட்டார். ஜூன் 10ஆம் திகதி நால்வரும் பிலோயெலாவில் இறங்கினார்கள். ஓகஸ்ட் 5ஆம் திகதி நிரந்தர விசா. அன்று நான் வேலையிடத்தில் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

ஆனால் விரைவு நடைமுறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் நிலை அப்படியே இருக்கிறது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தபோது இவர்கள் வெளியே விடப்பட்டார்கள். அந்த ஆண்டே அகதிப் பெண்கள் 22 பேர் மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் கால்நடையாகப் போனார்கள். அவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள். தடுப்பில் போடப்பட்ட ஒரு குடும்பத்துக்காக நாடு திரும்பிப் பார்த்தது போல, வேலை செய்துகொண்டு வாடகை கட்டிக்கொண்டு பத்தாண்டுக்கு மேல் காத்திருப்பவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

நான் சொன்ன குடும்பம் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறது. கிளம்பச் சொன்ன கடிதத்துக்குப் பிறகு தந்தைக்கு வேலை அனுமதியோடு பிரிட்ஜிங் விசா திரும்பக் கிடைத்தது. அமைச்சரிடம் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. பிரியாவின் விசா முடிந்த மறுநாளே கதவு தட்டப்பட்டதை மனதில் வைத்து, இவர்களுடைய விசா முடியும் திகதியை அயலவர் நால்வரின் நாட்காட்டியிலும் என்னுடையதிலும் குறித்திருக்கிறோம். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே சட்டத்தரணி புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுவார். மூத்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கு மாறிவிட்டதால் புதிய ஆசிரியர்களிடம் கடிதம் வாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் பொதி கட்டும் கொட்டகையின் தொழிலாளர்கள் எம்.பி.யைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறார்கள்.